ஒரு தோட்டம், ஒரு கேள்வி

(கோலசிலாங்கூரில் முதுகலை மாணவர்களும் ஆசிரியர்களும் தோட்டத்துப் பெரியவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசைகளில் முதுகலைக்குப் பதிந்துவிட்டு ஆய்வேட்டைத் தொடங்கப் போகிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். உங்களில் சிலர் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படிக்கிறீர்கள். பின்வரிசைகளில் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்து, இப்போது தாமான் வீடுகளில் இருக்கும் பெரியவர்கள். இந்தப் பேச்சு மாணவர்களுக்கானது என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பின்வரிசை இல்லாமல் முன்வரிசையின் வேலை நடக்காது. அதனால் எல்லோரையும் பார்த்தே பேசுகிறேன்.

கலைப்புலத்தில் முதுகலை ஆய்வேடு எழுத வருகிற மாணவரிடம் தலைப்பு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் இப்படி இருக்கும்: மலேசியத் தமிழர் வரலாறு, தோட்டத் தமிழரின் வாழ்வியல், மலேசியத் தமிழ் நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள். அந்த ஆசையின் வேர் எனக்குப் புரிகிறது. தாத்தா பாட்டி பட்ட பாடு யார் கண்ணிலும் படாமல் போய்விட்டதே என்ற வேதனை அதில் இருக்கிறது. கிடைத்த ஒரே வாய்ப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தலைப்புகளில் ஆய்வேடு எழுத முடியாது. எழுதினால் ஏற்கெனவே அச்சான நூல்களின் சுருக்கம்தான் வரும். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது, அதன்பின் போர், அவசரகாலம், சுதந்திரம் என்று அத்தியாயங்கள் தாமாக உருண்டோடிவிடும். கெர்னியல் சிங் சாந்து 1969இலும் அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்களில் அந்தப் பெரிய படம் இருக்கிறது. அதை மறுபடி வரைய உங்களுக்குக் காலமும் கிடையாது, தேவையும் கிடையாது.

முதுகலை ஆய்வேடு சின்னது. அதன் வலிமையே அந்தச் சின்ன அளவில்தான் இருக்கிறது. ராஜேஸ்வரி அம்பலவாணர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1969இல் அளித்த முதுகலை ஆய்வேட்டைப் பாருங்கள். மலாயா இந்தியச் சமுதாயத்தின் சமூக, அரசியல் வளர்ச்சி என்பது பொருள். பொருள் பெரிதுதான். ஆனால் 1920 முதல் 1941 வரை என்று காலத்துக்கு வேலி போட்டார். போருக்குப் பிந்திய 1945 முதல் 1957 வரையிலான காலத்தை அதில் சேர்க்கவில்லை. அது பிறகு தனி ஆய்வாக வளர்ந்து 1981இல் நூலாக வந்தது. முதல் வேலையில் எல்லாவற்றையும் அடைத்திருந்தால் இரண்டாவது வேலைக்கு இடமே இருந்திருக்காது. அதே 1981இல் வில்சன் என்ற ஆய்வாளர் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சிறுநூல் எழுதினார். ஒரு வட்டாரம், சில மாதங்கள், அவ்வளவுதான். மலேசியத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிப் பேசும் யாரும் இன்றைக்கும் அந்தச் சிறுநூலைத் தாண்டிப் போக முடியாது.

கிள்ளான் வேலைநிறுத்தத்தை எடுத்துவிட்டேன், அதிலேயே கொஞ்சம் நிற்கிறேன். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களைத் தொல்லை செய்வதை நிறுத்தச் சொன்னார்கள். உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி கேட்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை. சாலையில் துரை எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. அந்த ஒரு கோரிக்கையை மட்டும் கையில் எடுத்தால் எத்தனை கேள்விகள் பிறக்கின்றன! தோட்டத்தில் யாரிடம் சைக்கிள் இருந்தது? எப்போது வாங்கினார்கள்? கூலியில் மிச்சம் பிடித்தா, கடனுக்கா? சைக்கிள் வந்தபின் பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடு பேசுவதும் கூடுவதும் எப்படி மாறியது? போராட்டம் கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. எந்த வழியாகப் பரவியது, யார் சேதி கொண்டுபோனார்கள்? ஒரு மாணவர் இரண்டாண்டு உழைக்க இது போதும். நல்ல ஆய்வேட்டுக் கேள்வி என்பது இப்படி ஒரு பிடியில் அடங்க வேண்டும், பிடித்து இழுத்தால் பின்னால் ஒரு காலமே வர வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு வருகிறேன். கோலசிலாங்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மெலாவத்திக் குன்றும் கம்போங் குவாந்தான் மின்மினிகளும்தான். ஆனால் உலகச் சந்தையைப் பிடித்த ஒரு பயிரின் மலேசிய வரலாறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்கே உருவானது. உருவாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பிறகு இந்த அனுபவத்தை வைத்து 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதினார். 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. கோலசிலாங்கூரின் மண்ணும் மழையும் பிரெஞ்சு இலக்கியத்துக்குள் போய்விட்டன. அந்த நாவலில் தமிழ்த் தொழிலாளிகளும் வருகிறார்கள், துரையின் கண் வழியாக. அதே தோட்டத்தின் அதே ஆண்டுகளை லயத்திலிருந்து பார்த்து எழுதிய ஒரு பக்கம் நமக்குக் கிடைக்குமா? நம் தரப்பில் இருந்தவர்களுக்கு எழுதப் படிக்க நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பக் கூடாது. சான்று தேடி நிரப்ப வேண்டும். கலைப்புல மாணவருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு என்ன வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்து வந்த அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். நம் நாட்டு ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி அதே மரண ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இலக்கியத் துறை மாணவர்கள் இந்த நாவல்களை எடுத்துக்கொண்டு, இதில் தோட்டச் சித்திரிப்பு இப்படி, பெண் பாத்திரம் இப்படி என்று பட்டியல் போட்டு ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். கதையைச் சுருக்கிச் சொல்வது ஆய்வாகாது. போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போட இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் பிடித்துப் போனார்கள். போனவர் திரும்பாத குடும்பம் இங்கே யாரேனும் இருப்பீர்கள். நாவல் சொல்கிற பயணத்தையும் அந்தக் குடும்பம் சொல்கிற பயணத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாவலாசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார், எங்கே வீரம் சேர்த்தார், எதைச் சொல்லாமல் மறைத்தார் என்று அப்போதுதான் தெரியும். இலக்கிய ஆய்வும் வாய்மொழி வரலாறும் அந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

இனி, சான்று எங்கே இருக்கிறது? தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. நிலம் யாருக்கு எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது, எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் பரவியது, எந்தத் துரைமேல் புகார் வந்தது என்பதெல்லாம் அங்கே கிடக்கும். எல்லாம் ஆங்கிலத்தில், அதிகாரி எழுதியது. தமிழ்ப் பத்திரிகைகள் உண்டு. 1924இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசன் உண்டு. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் நடத்திய 'சங்கமணி' உண்டு. இராம சுப்பையா 1969இல் தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்ற நூற்பட்டியல், இந்த நாட்டில் தமிழில் அச்சானவை எவை என்று தேடுகிறவருக்கு முதல் வாசல். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் 'இத்துறையில் இதுவரை யாரும் எழுதவில்லை' என்று முன்னுரையில் எழுதாதீர்கள். அந்த வாக்கியத்தை எழுதுகிற மாணவர் பலர், தேடாததால்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் நான் மனமுருகிச் சொல்ல விரும்புகிற சான்று வேறு. அது எந்தக் காப்பகத்திலும் இல்லை. தோட்டத்துப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு. மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கு நோட்டு. மணிமன்றத்தின் கூட்டக் குறிப்பேடு. செத்த வீட்டுக்கு உதவி வசூலித்த சங்கத்தின் ரசீதுப் புத்தகம். தோட்ட அலுவலகத்தின் ஆள்பதிவேடான செக்ரோல். தோட்டம் விலைபோகும்போது நிறுவனம் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு போய்விடும், அல்லது எரித்துவிடும். நம் நோட்டுகள் யாரோ ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும். அவர் காலமானால் பிள்ளைகள் பழைய தாள்காரனுக்குப் போட்டுவிடுவார்கள். புக்கிட் ரோத்தானில் எழுந்திருக்கிற பெரிய கோயிலைப் பற்றி எழுத நாளை ஆயிரம் பேர் வருவார்கள். இடிக்கப்பட்ட லயத்துக் கோயிலின் கணக்கு நோட்டைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

சேர்க்கைப் பதிவேடு ஒன்று என்ன சொல்லும் என்று காட்டுகிறேன். என் மேற்பார்வையில் ஆய்வு செய்த ஒரு மாணவி, இந்த வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றின் பழைய பதிவேட்டைக் கொண்டுவந்தார். நீளமான கட்டம் போட்ட நோட்டு. வரிசை எண், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். கடைசிக் கட்டத்தில் தலைமையாசிரியர் சின்ன எழுத்தில் 'வேறு தோட்டம்', 'இந்தியா', 'வீட்டு வேலை' என்று எழுதி வைத்திருந்தார். மாணவி தொடக்கத்தில் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவில்லை. பள்ளி தொடங்கிய ஆண்டு, கட்டடத்தின் வரலாறு, தலைமையாசிரியர் பட்டியல் என்று எழுதிக்கொண்டிருந்தார். பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டோம். ஒரே வாரத்தில் பல பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: 'வேறு தோட்டம்'. சில இடங்களில் அண்ணன் தங்கை பெயர் அடுத்தடுத்து. அந்த வாரம் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது?

அதுதான் அவருடைய ஆய்வேட்டின் கேள்வியாக மாறியது. கட்டட வரலாறு பின்னிணைப்புக்குப் போனது. 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலம் அது. உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை வெளியிட்டது. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் புத்தகத்தில் இருந்தன. ஆனால் ஒரு வாரத்தில் ஒரு வகுப்பறை காலியானது எப்படி என்பது அந்த நோட்டில் மட்டும் இருந்தது.

அதன்பின் மாணவி அந்தக் குடும்பங்களைத் தேடினார். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கிடைத்தார். ஒலிப்பதிவில் இருக்கிற உரையாடலைச் சொல்கிறேன்.

"தோட்டத்தை வித்தது எந்த வருசம் பாட்டி?"

"வருசம் கிருசமெல்லாம் எனக்கு எங்கம்மா தெரியும்? எம் பெரியவன் அப்பத்தான் தவழ ஆரம்பிச்சான். அவனை இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் சாமான் ஏத்தினோம்."

மாணவி அதோடு விட்டிருக்கலாம். பாட்டிக்கு ஆண்டு நினைவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த மூத்த மகனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் அது வந்தது. பிறந்த மாதத்தோடு தவழும் பருவத்தைக் கூட்டினால், பதிவேட்டில் பெயர்கள் நீங்கிய காலத்தோடு ஒத்து வந்தது. பாட்டியின் நினைவு சரி. அவருடைய நாட்காட்டி வேறு, அவ்வளவுதான். பிள்ளைப் பேறு, திருவிழா, வெள்ளம், துரை மாறியது, முதல் மின்விளக்கு எரிந்தது, இவற்றைக் கொண்டு காலத்தை எண்ணியவர்கள் நம் மக்கள். அந்த நாட்காட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் தோட்டத்து வாய்மொழியை ஆய்வு செய்ய முடியாது. ஒருவர் சொன்னது இன்னொன்றோடு ஒத்து வருகிறதா என்று பார்ப்பது அவரை நம்பாமல் இருப்பதாகாது. அவர் சொன்னதை யாரும் தள்ளிவிட முடியாதபடி நிறுத்துவதற்காகத்தான் அந்தப் பாடு.

ஒத்து வராத இடங்களும் வரும். அங்கேதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம், ஒரு தாய் பிள்ளைபோல் இருந்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோயில் கணக்கு நோட்டைத் திறந்தால் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையும், எந்த லயத்து வரியை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்ற பேச்சும் இருக்கும். இராஜகிருஷ்ணன் இராமசாமி மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு பற்றி 1984இலேயே நூல் வெளியிட்டுவிட்டார். அதற்குப் பிறகும் ஆய்வேடுகளில் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதிக்கிறோம். கள்ளையும், அடி வாங்கிய மனைவியையும், கங்காணியின் கொடுமையையும் பேசத் தயங்குகிறோம். வெள்ளைத் துரையின் கொடுமையை மட்டும் எழுதினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. பெயரை மறைத்து எழுதுங்கள், சொன்னவரின் ஒப்புதலோடு எழுதுங்கள், சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டதை எழுதவே எழுதாதீர்கள். ஆனால் தெரிந்த உண்மையை அழகுபடுத்தாதீர்கள்.

மேற்பார்வையாளரைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வேலையைத் தனியாகச் செய்யாமல் ஒருவருடைய மேற்பார்வையில் செய்கிறோம் என்பது வெறும் விதிமுறை இல்லை. நம் மாணவர்கள் மேற்பார்வையாளரைக் குருவாகப் பார்க்கிறார்கள். குருவைக் கண்டால் தலை குனிகிறது, வாய் அடைத்துப்போகிறது. தலைப்பை அவரே கொடுப்பார் என்று காத்திருக்கிறார்கள். அவர் சொன்னதை மறுக்கத் தெரிவதில்லை. எழுதியது சரியில்லை என்ற பயத்தில் மாதக்கணக்கில் காணாமல் போய்விடுகிறார்கள். முடிக்காமல் போன ஆய்வேடுகளில் நான் பார்த்தவரை திறமைக் குறைவு காரணமாக இருந்தது குறைவு. வெட்கம்தான் அதிகமான காரணம். ஒன்றும் எழுதவில்லையே, எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு மாதம், பிறகு அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து வெட்கப்பட்டு இன்னொரு மாதம். எழுதாத மாதத்தில்தான் மேற்பார்வையாளரை முதலில் பார்க்க வேண்டும்.

சந்திப்புக்குப் போகும் முன் பத்துப் பக்கமாவது எழுதி அனுப்பிவிடுங்கள். அரைகுறையாக இருக்கட்டும். பேச்சில் எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். தாளில் வைத்தால்தான் ஓட்டை தெரியும். சந்திப்பு முடிந்த அன்றே என்ன பேசினோம், என்ன முடிவு செய்தோம் என்று நாலு வரி எழுதி அவருக்கே அனுப்புங்கள். அடுத்த முறை அவர் மறந்திருந்தாலும் நீங்கள் மறந்திருந்தாலும் அந்த நாலு வரி நிற்கும். அவர் சொல்வதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் சான்றைக் காட்டி மறுத்துப் பேசுங்கள். என் மாணவர்களில் என்னோடு வாதாடியவர்களின் ஆய்வேடுகள்தான் நன்றாக வந்திருக்கின்றன. மேற்பார்வையாளருக்கு அந்தத் தோட்டம் தெரியாது. செம்பனைக் குலை வெட்டும் நிரைக்குள் அவர் நடந்ததில்லை. பெரட்டுக் களத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடுவதைக் கேட்டதில்லை. ஒட்டுப்பாலின் வாடை அவருக்குத் தெரியாது. அது உங்களிடம் இருக்கிறது. கேள்வியைக் கூராக்குவதும், சான்று போதாத இடத்தில் நிறுத்துவதும், சுற்றிச் சுற்றிச் சொன்னதை வெட்டுவதும் அவரிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வேடு.

மேற்பார்வையாளர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். கொடுத்த அத்தியாயத்தை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருப்பது ஓர் இளைஞரின் வாழ்க்கையை நிறுத்தி வைப்பதாகும். பகலில் பள்ளியில் கற்பித்துவிட்டு, இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதிய பக்கங்கள் அவை. விரைவில் படித்துத் திருப்பிக் கொடுங்கள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். வாதத்தைத் திருத்துங்கள். மாணவர் சேகரித்த வாய்மொழிச் சான்று அவருடையது, அதைச் சொன்ன பாட்டியுடையது. அதை நம் கட்டுரையில் எடுத்தாளும்போது அந்த மாணவரின் பெயரைச் சொல்லுவோம்.

கோட்பாடு பற்றி ஒரு வார்த்தை. மேல்நாட்டுக் கோட்பாடு ஒன்றை இரண்டாவது அத்தியாயத்தில் நாற்பது பக்கம் விளக்கிவிட்டு, அதன்பின் அதைத் தொடவே தொடாமல் ஆய்வேட்டை முடிக்கிற வழக்கம் பரவியிருக்கிறது. வேண்டாம். உங்கள் பதிவேட்டைப் படிக்க உதவுகிற கோட்பாட்டை மட்டும் எடுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் உலகம் படிக்கும், மலாயில் எழுதினால் நாடு படிக்கும், தமிழில் எழுதினால் தோட்டம் படிக்கும். உங்கள் துறை அனுமதிக்கிற மொழியில் எழுதுங்கள். இந்திய ஆய்வியல் துறையில் தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகள் உண்டு. ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினால் இருபது பக்கத்துக்காவது தமிழில் ஒரு சுருக்கம் எழுதுங்கள். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அந்தத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சாரங்கபாணி தமிழ் முரசில் எழுதினார், 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்த காசும் அதில் சேர்ந்தது. பால்மரம் வெட்டியவர்கள் அவர்கள். தங்கள் பிள்ளை அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பான் என்று கனவு காணக்கூட வழியில்லாதவர்கள் பலர். 1961இல் தனிநாயகம் அடிகளார் அந்தத் துறைக்குத் தலைவராக வந்தார். அவரும் ஒரு காலத்தில் ஆய்வு மாணவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.லிட். பட்டத்துக்காகச் சங்கப் பாடல்களில் இயற்கையைப் பற்றி எழுதிய ஆய்வேடு பின்னர் நூலாகி உலகம் சுற்றியது. முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடத்தினார். இன்று நீங்கள் போய் உட்காரும் நூலகத்துக்கும், உங்களுக்கு மேற்பார்வையாளர் கிடைப்பதற்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களைப் பற்றி அவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதும் ஆய்வேடு, அவர்கள் படிக்க முடியாத இடத்தில் பூட்டிக் கிடப்பது நியாயமில்லை.

இன்னும் அவசரமான காரணமும் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயாவாகிவிட்டது. தோட்டம் போனபின்னும் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரில் சுமக்கிற தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வட சிலாங்கூரின் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்ஞாக் ஆகிய ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் யார் எந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தார், யார் எப்போது வேலை செய்தார் என்பது வெறும் வரலாற்றுக் கேள்வியாக இருக்காது. ஒரு குடும்பத்தின் உரிமை அதில் அடங்கியிருக்கும். ஒழுங்காகத் தேதி போட்டு, சான்று காட்டி எழுதப்பட்ட ஒரு முதுகலை ஆய்வேடு அந்த மக்கள் கையில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தோட்டத்து வாழ்வைப் பதிந்து வைத்தவர்களும் உண்டு. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்து வைத்தார். நம் முத்தம்மாள் பழனிசாமி தம் குடும்பம் கடல் கடந்து வந்த கதையையும் தோட்டத்துப் பாடல்களையும் எழுதி வைத்தார். அவர்களுக்கு மேற்பார்வையாளரும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன.

ஆகவே மாணவர்களே, இந்த வாரமே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தென்னமரமோ, ஹோப்ஃபுல்லோ, ராஜா மூசாவோ, ரிவர்சைடோ, உங்கள் பாட்டி வேலை செய்த தோட்டமோ, எதுவாகவும் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி, அதற்குச் சான்று எங்கே கிடைக்கும் என்று ஐந்து வரி எழுதி, மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். முடித்தபின் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், இன்னொரு படியை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற தமிழ்ப்பள்ளிக்கும் கொடுங்கள்.

பின்வரிசையில் இருக்கிற ஐயாமார்களே, அம்மாமார்களே, உங்கள் வீட்டில் பழைய சம்பளச் சீட்டோ, கோயில் நோட்டோ, சங்க உறுப்பினர் அட்டையோ, பள்ளிப் படமோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். படத்தின் பின்னால் அதில் இருப்பவர்களின் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பிள்ளைகள் வந்து கேட்டால் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே மேசை போட்டு இரண்டு மாணவர்கள் நோட்டோடு காத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் பெயரையும், நீங்கள் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் அவர்களிடம் எழுதிவிட்டுப் போங்கள்.